வட்டப்பாறையும் ஒரு ஊன்றுகோலும்

எங்க ஊர் திருவாமாத்தூர். விழுப்புரத்துலேர்ந்து ஆறு கிலோமீட்டர் இருக்கும், பம்பையாற்றங்கரை. அபிராமேஸ்வரர் ஒரு பக்கம், முத்தாம்பிகை எதிர்ப்பக்கம்னு சாமியும் அம்மனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தபடி இருக்கிற கோவில். தேவாரம் பாடின மூணு பேருமே வந்து பாடின தலம். கொம்பில்லாம பிறந்த பசுக்கள் இங்க வந்து வேண்டிக் கொம்பு வாங்கிட்டுப் போனதா தலபுராணம் சொல்லும். (சின்ன வயசுல எனக்கு இருந்த ஒரே சந்தேகம், கொம்பு கிடைச்சதும் முதல்ல யாரை முட்டியிருக்கும்ங்கிறதுதான் :))

இந்தப் பதிவு கோவிலைப் பத்தி இல்ல. அங்க இருக்கிற வட்டப்பாறையிலேர்ந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு, அவ்ளோதான்.

சுத்துப்பட்டு ஊர்ல பணத் தகராறு, வரப்புத் தகராறு எதுவா இருந்தாலும் வட்டப்பாறையில வந்து சத்தியம் பண்ணுன்னு கூப்பிடுவாங்க. அங்க பொய் சொன்னா தாங்காதுன்னு நம்பிக்கை. எங்க தாத்தா சொன்ன கதை இது. தம்பி பங்குப் பணத்தை அண்ணன் அமுக்கிட்டான். தம்பி பாறைக்கு இழுத்துட்டு வந்தான். அண்ணன் கெட்டிக்காரன். ஒரு ஊன்றுகோலை உள்ள குடைஞ்சு, காசை எல்லாம் அதுல போட்டு அடைச்சு எடுத்துட்டு வந்திருந்தான். சத்தியம் பண்ற நேரத்துல "இதைக் கொஞ்சம் பிடி"ன்னு கோலைத் தம்பி கையில குடுத்துட்டு, ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டி, "உன் பணம் என்கிட்ட இல்ல, உன்கிட்டதான் இருக்கு"ன்னு சொன்னான். சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. பாறையும் சும்மாதான் இருந்துது. அப்புறம் கோலைத் திருப்பி வாங்கிட்டு நடந்தான். தும்பூர்கிட்ட போகும்போது பாம்பு கடிச்சு செத்தான். அங்க இப்ப நாகம்மன் கோவில் இருக்கு.

கதையில பாம்பை விட எனக்குப் பிடிச்சது அந்தக் கோல்தான். வார்த்தைக்கு வார்த்தை உண்மையையே சொல்லி ஒருத்தனை ஏமாத்த முடியும்ங்கிறதுக்கு அதை விட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்ல. தமிழ்நாட்டுல கிறிஸ்தவத்துக்குள்ள ஜாதி எப்படி நுழைஞ்சு உட்கார்ந்துதுன்னு ஒரு வருஷமா படிச்சிட்டிருக்கேன். படிக்கப் படிக்க அந்தக் கோல் ஞாபகம்தான் வந்துது.

நான் கிறிஸ்தவன் இல்ல. நல்ல சைவப் பழம். எங்க வீடு ஊர்த்தெருவுல. அந்த வார்த்தைக்கு விழுப்புரம் மாவட்டத்துல என்ன அர்த்தம்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். 1978 ஜூலையில விழுப்புரம் டவுன்லயே 12 தலித்துகளைக் கொன்னாங்க. அந்தப் பேச்சு எங்க வீட்டுல எழுந்தாலே பெரியவங்க சட்டுன்னு வேற பேச்சுக்குப் போயிடுவாங்க. அப்படி ஒரு வீட்டுலேர்ந்து இன்ஜினியரிங் படிக்கப் போனவன் நான்.

ஹாஸ்டல்ல ரூம்மேட் கிறிஸ்தவன். உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு கிராமம், பேர் வேண்டாம். கட்-ஆஃப் என்னை விட அதிகம். முதல் வாரத்துலயே சர்டிபிகேட் பேச்சு வந்துது. அவன் பி.சி.ன்னு சொன்னான். நான் பெரிய அறிவாளி மாதிரி, "உங்கள்லதான் ஜாதியே கிடையாதே, அப்புறம் எதுக்குடா சர்டிபிகேட்டு"ன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். மூணு வருஷம் கழிச்சுதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் புரிஞ்சுது.

மூணாவது வருஷம் அவனோட ஆயா தவறிட்டாங்க. நாங்க நாலு பேர் பஸ் பிடிச்சுப் போனோம். வீட்டுல ஜெபம் முடிஞ்சு, தூம்பான்னு சொல்ற அந்தச் சவப்பெட்டி வண்டி கிளம்புச்சு. கல்லறைத் தோட்டம் பெரிய கோவிலுக்குப் பின்னாடிதான். கோவில் இருக்கிற தெரு வழியா நேரா போனா அஞ்சு நிமிஷம். வண்டி எதிர்ப்பக்கம் திரும்பி, ஏரிக்கரையைச் சுத்திக்கிட்டு, சேத்துல இறங்கி ஏறிப் போச்சு. அரை மணி நேரம். அந்த செமஸ்டர்தான் எங்களுக்கு ஷார்ட்டஸ்ட் பாத் அல்காரிதம் எல்லாம் நடத்தியிருந்தாங்க. நான் மெதுவா அவன்கிட்ட "ஏன்டா நேரா போகல?"ன்னு கேட்டேன். "அந்தத் தெருவுல எங்க பொணம் போகாது"ன்னான். அவ்ளோதான் பதில். அந்தத் தெருவும் கிறிஸ்தவத் தெருதான். வாசலுக்கு வாசல் மாதா படம், கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்க விட்ட கம்பி.

கல்லறைத் தோட்டத்துக்குள்ளயும் இடது பக்கம், வலது பக்கம் இருந்துது. அதை நான் கேக்கல.

திரும்பி வரும்போது பஸ்ல அவனே பேசினான். அவங்க ஆயா தினம் விடியக்காலையில ஜெபமாலை சொல்லுமாம். தவக்காலம் 40 நாளும் ஒரு வேளைச் சாப்பாடு. ஆனா திருவிழா அன்னிக்கு தேர் வர்றப்போ மட்டும் எல்லாரும் ஓடிப்போய் தெருமுனையில நின்னு பார்ப்பாங்களே, அப்ப ஆயா போகாதாம். "என் தெருவுக்கு வராத மாதாவை நான் எதுக்குத் தெருமுனையில போய் நின்னு பாக்கணும்? வூட்டுக்குள்ள இருக்கிற மாதா போதும்"னு சொல்லுமாம். மாதாவை விடல, தேரை மட்டும் விட்டுடுச்சு. இந்த ஒரு வரியிலதான் நான் ஒரு வருஷம் படிச்சதெல்லாம் அடங்கியிருக்குன்னு இப்ப தோணுது.

* * *

அவன் ஊர்ப் பேரைத்தான் சொல்லக் கூடாது, எறையூர் பேரைச் சொல்லலாம். அது எல்லா பேப்பர்லயும் வந்தது. உளுந்தூர்பேட்டை பக்கம், அப்ப விழுப்புரம் மாவட்டம். 2019-ல மாவட்டத்தைப் பிரிச்சதுக்கு அப்புறம் கள்ளக்குறிச்சியில சேர்ந்துடுச்சு. ஊரே ஏறக்குறைய கத்தோலிக்க ஊர். ஜெபமாலை அன்னை பேர்ல பெரிய கோவில். பெரும்பான்மை வன்னியக் கிறிஸ்தவங்க, சிறுபான்மை தலித் கிறிஸ்தவங்க. கோவிலுக்குள்ள உட்கார்ற இடம் தனி, கல்லறை தனி, சவ வண்டி தனி, சாவு போற வழி தனி. 1999-லயே ஒரு பெரிய மோதல் நடந்திருக்கு. தலித் மக்கள் தங்களுக்குன்னு சகாய மாதா கோவில் ஒண்ணு கட்டிக்கிட்டாங்க. அதைத் தனிப் பங்கா அறிவிங்க, எங்களுக்குன்னு ஒரு பங்குச் சாமியாரைப் போடுங்கன்னு மறைமாவட்டத்துகிட்ட கேட்டாங்க. புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டம் அது.

2008 மார்ச் 7-ல அங்க உண்ணாவிரதம் ஆரம்பிச்சுது. மார்ச் 9 ஞாயித்துக்கிழமை தலித் தெருவுக்குள்ள புகுந்து வீடுகளை அடிச்சாங்க. போலீஸ் துப்பாக்கிச் சூடு. வன்னியக் கிறிஸ்தவங்க ரெண்டு பேர் செத்தாங்க. அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 23. அதாவது இது நடந்தது சரியா தவக்காலத்து நடுவுல, குருத்தோலை ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்னாடி. அப்ப நான் விழுப்புரத்துல ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன். பெரியவங்க "கிறிஸ்டியனுக்கும் கிறிஸ்டியனுக்கும் சண்டையாம்"னு ஆச்சரியமா பேசிக்கிட்டது ஞாபகம் இருக்கு. கொஞ்சம் சந்தோஷமா கூட பேசினாங்களோன்னு இப்ப யோசிச்சா சந்தேகமா இருக்கு.

எறையூர் விஷயத்துல என்னைக் குடைஞ்சது அந்தக் கோரிக்கைதான். நாங்க வேற, நீங்க வேறன்னு மேல இருக்கிறவங்க சொன்னா புரிஞ்சுக்கலாம், அது பழக்கமானதுதானே. இங்க ஒதுக்கி வைக்கப்பட்டவங்களே எங்களைத் தனியா விட்டுடுங்கன்னு கேக்கறாங்க. தெருவே உங்களோடது, பாடையே உங்களோடதுன்னா, அந்தக் கோவிலோட சாவியாவது எங்க கையில இருக்கட்டுமேன்னு. உடனே என்ன எதிர்ப்பு வந்துது தெரியுமா? ஜாதி அடிப்படையில பங்கைப் பிரிச்சா திருச்சபையோட ஒற்றுமை என்னாகும்னு. கேக்க எவ்ளோ சரியா இருக்கு! வார்த்தைக்கு வார்த்தை உண்மை. கோல் மட்டும் இன்னொருத்தன் கையில.

* * *

எப்படி இங்க வந்து சேர்ந்தோம்னு தேடினா நானூறு வருஷம் பின்னாடி போக வேண்டியிருக்கு.

1606-ல ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வர்றார். இத்தாலிக்காரர், ஏசுசபை. தமிழ்ல தத்துவ போதக சுவாமி. அவருக்கு முன்னாடியே அங்க ஒரு பாதிரியார் பல வருஷமா இருந்தார், மதுரைக்காரங்கள்ல கிட்டத்தட்ட யாரும் திரும்பிப் பார்க்கல. காரணம் சிம்பிள். கிறிஸ்தவம்னா பறங்கி மதம், பறங்கின்னா மாட்டுக்கறி, சாராயம், குளிக்காதவன். நொபிலி காவி கட்டினார், சைவம் சாப்பிட்டார், சமஸ்கிருதமும் தமிழும் கத்துக்கிட்டார், நான் பறங்கி இல்லன்னார். பூணூல், குடுமி, சந்தனம் இதெல்லாம் மதம் இல்ல, சமுதாய வழக்கம், அதை விடாமலே ஒருத்தன் கிறிஸ்தவனா இருக்கலாம்னு வாதாடினார். ரோம் வரைக்கும் பஞ்சாயத்து. 1623-ல போப் பதினைந்தாம் கிரகோரி சரின்னு அனுமதி குடுத்தார்.

நொபிலியைத் திட்டறது ரொம்ப சுலபம், நான் அதைச் செய்யப் போறதில்ல. ஒரு மதத்தை ஏத்துக்கிறதுக்காக ஒருத்தன் தன் மொழியையும் சட்டையையும் சாப்பாட்டையும் விட்டுட்டு வெள்ளைக்காரனா மாறணும்னு சொல்றது எவ்ளோ அநியாயமோ, அதை எதிர்த்து நின்ன ஆள் அவர். அந்த நியாயத்தோட ஒட்டிக்கிட்டே இன்னொண்ணு உள்ள வந்துது. சந்தனம் சமுதாய வழக்கம்னா, தீண்டாமையும் சமுதாய வழக்கம்தானே? பிராமணர்களுக்கும் மேல் ஜாதிக்கும் சந்நியாசி மாதிரி ஒரு வகை குருமார், மத்தவங்களுக்குப் பண்டாரசாமின்னு இன்னொரு வகைன்னு சீக்கிரமே பிரிஞ்சுட்டாங்க. ஒரே சபையோட குருமார்தான், ஆனா ஒருத்தரோட ஒருத்தர் வெளிப்படையா உட்கார்ந்து சாப்பிட முடியாது.

இதுக்கு எதிர்ப்பு வரலையான்னா, வந்தது. அதுவும் நம்ம பக்கத்து ஊர் புதுச்சேரியிலேயே. 1703-ல போப்போட பிரதிநிதியா தூர்நோன்னு ஒருத்தர் சீனாவுக்குப் போற வழியில புதுச்சேரியில இறங்கினார். சில மாசம் இருந்து விசாரிச்சார். 1704-ல ஒரு ஆணை போட்டார். தாலியில என்ன உருவம் இருக்கலாம், கல்யாணத்துல என்ன சடங்கு கூடாதுன்னு நீளமான லிஸ்ட். அதுல ஒரு விதி, சேரியில சாகக் கிடக்கிறவங்களுக்கு அவங்க வீட்டுக்குள்ளயே போய் அருட்சாதனம் குடுக்கணும்ங்கிறது. அப்படின்னா அது வரைக்கும் போகாம இருந்திருக்காங்கன்னு அர்த்தம். ஒரு மனுஷன் செத்துக்கிட்டிருக்கான், கடைசி மந்திரம் சொல்ல வேண்டிய குரு வாசலுக்கு வெளியில நிக்கிறார். அந்த மனுஷனைத் தூக்கி வெளியில கொண்டு வரணும்.

இந்த ஆணைக்காக நாப்பது வருஷம் இழுபறி. கடைசியா 1744-ல போப் பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடிவா ஒரு ஆணை போட்டார். அப்பவும் ஒரு சமரசம் நடந்துது. பறையர்களுக்குன்னு தனியா சில குருமாரை நியமிச்சுக்கறோம், அவங்க சேரிக்குள்ள போவாங்கன்னு ஏசுசபை சொல்ல, ரோம் ஒத்துக்கிச்சு. சாஃப்ட்வேர்ல இதுக்குப் பேர் ஒர்க்அரவுண்ட். பக்-ஐ சரி பண்ணாம, அது வர்ற பாதையை மட்டும் சுத்தி விடறது. ஏரிக்கரையைச் சுத்திப் போன அந்த வண்டி மாதிரி.

அடுத்த வருஷமே, 1745-ல, புதுச்சேரியில ஒரு சம்பவம். இதை நமக்குச் சொல்றவர் கிறிஸ்தவர் இல்ல. நாட்குறிப்பு எழுதின ஆனந்தரங்கப்பிள்ளை. (கிசுகிசு, அரசியல், வியாபாரம் எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வச்ச மனுஷன். நம்ம பதிவர் குலத்துக்கே முப்பாட்டன்.) கோவிலுக்குள்ள பறையர்களையும் மத்த ஜாதிக்காரங்களையும் பிரிச்சு ஒரு சுவர் இருந்துது. காரைக்கால்லேர்ந்து வந்த ஒரு சாமியார் இது என்ன நியாயம்னு கேக்க, பறையர்கள் கூட்டமா பெரிய சாமியார்கிட்ட போய், நாங்களும் உங்க சீஷர்கள்தானே, கடவுளுக்கு எல்லாரும் ஒண்ணுதானே, பின்ன ஏன் எங்களைத் தள்ளி வைக்கறீங்கன்னு கேட்டிருக்காங்க. சுவரை இடிச்சுட்டாங்க. மேல் ஜாதிக் கிறிஸ்தவங்க கொதிச்சுப் போய் கோவிலுக்கே வர மாட்டோம்னு நின்னாங்க.

இதே வருஷத்துல பிள்ளை இன்னொண்ணும் எழுதறார். அப்ப தலைமைத் துபாஷா இருந்தவர் கனகராய முதலி, கிறிஸ்தவர். அரியாங்குப்பத்துல கோவில் கட்டி ஊருக்கே விருந்து வச்சார். அந்தந்த ஜாதிக்குத் தனித்தனியா சமையல், தனித்தனியா பந்தி. கிறிஸ்தவக் கோவில் விருந்தை இந்துக் கோவில் விருந்து மாதிரி நடத்தினதைப் பிள்ளை கொஞ்சம் நக்கலா குறிச்சு வச்சிருக்கார். வெளியில இருந்து பார்க்கிறவனுக்கு அப்பவே கோல் தெரிஞ்சிருக்கு.

அந்தச் சுவர் சம்பவத்துல நான் கவனிச்சது, கேள்வி கேட்டவங்களோட வாதம். சமூக நீதி, சம உரிமை மாதிரி வார்த்தையெல்லாம் பொறக்கறதுக்கு முன்னாடி. அவங்க கேட்டது வேதத்துலேர்ந்து நேரா எடுத்த கேள்வி. நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் திருப்பிக் கேக்கறோம்னு. அந்தக் கோவில்ல அன்னிக்கு கிறிஸ்தவத்தை அப்படியே எழுத்துக்கு எழுத்து நம்பினவங்க பின்னாடி உட்கார வைக்கப்பட்டவங்கதான்.

புராட்டஸ்டண்ட் பக்கம் வேற மாதிரி இருந்திருக்கும்னு நினைச்சா, அதுவும் இல்ல. தரங்கம்பாடி, தஞ்சாவூர்ல ஆரம்பத்துலேர்ந்தே தனித்தனியா உட்கார்றதுதான் வழக்கம். 1833-ல ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் ஜாதியை அடியோட விடணும்னு சுற்றறிக்கை அனுப்பினப்போ பல சபைகள்ல நிறையப் பேர் வெளியில போயிட்டாங்க. அதுக்கு முன்னாடியே சண்டையில இறங்கினவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். எவ்ளோ பெரிய கவிஞர், இன்னிக்கும் அவர் பாட்டு இல்லாம தமிழ்ச் சபைகள்ல ஆராதனை நடக்காது. புது மிஷனரிகள் தமிழ்ப் பாட்டையும் பூவையும் பிடுங்கினப்போ அவர் எதிர்த்தது நியாயம். அதே மூச்சுல எல்லாரையும் ஒண்ணா உட்கார வைக்கிறதையும் எதிர்த்தார். திரும்பவும் நொபிலி கதைதான். பூவும் தீண்டாமையும் ஒரே மூட்டையில.

* * *

இந்த வரலாறு முழுக்க ஒருத்தராவது கோலை உடைச்சுப் பார்த்தாரான்னு தேடினேன். ஒருத்தர் கிடைச்சார்.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம். அங்க இருக்கிற கத்தோலிக்கக் கோவிலைப் பத்திக் கேட்டப்போ நம்பவே முடியல. பீடம் ஒண்ணு, அதுலேர்ந்து ரெண்டு கூடம் ரெண்டு கால் மாதிரி பிரிஞ்சு போகும். பேண்ட் போட்ட மாதிரி. ஒரு காலுக்குள்ள வெள்ளாளர், இன்னொரு காலுக்குள்ள நாடார் முதலான மத்தவங்க. நடுவுல பீடத்துகிட்ட நிக்கிற சாமியார் ரெண்டு பக்கத்துக்கும் தெரிவார், ஆனா ஒரு பக்கம் இருக்கிறவங்க இன்னொரு பக்கத்தைப் பார்க்க முடியாது. யோசிச்சுப் பாருங்க, இதுக்குன்னு ஒருத்தர் பிளான் போட்டிருக்கார், ஒருத்தர் கல்லு அடுக்கியிருக்கார். ஆர்க்கிடெக்சர் லெவல்லயே ஜாதி.

1910-ல கௌசானல் அடிகளார்னு ஒரு பிரெஞ்சு ஏசுசபைக் குரு அந்தத் தடுப்பை இடிச்சார். ஊரே ரெண்டா பிளந்துது. வெள்ளாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போச்சு. கோவில் கட்டினதுல எங்க பங்கு இருக்கு, தனியா உட்கார்றது எங்க பரம்பரை உரிமைன்னு. மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த். 1917-ல சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. கத்தோலிக்கக் கோவில் ஆயர் நிர்வாகத்துல இருக்கிறது, அதுக்குள்ள ஜாதியின் பேரால உரிமை கேக்க முடியாதுன்னு. வாதியோட பேரைக் கவனிங்க. மைக்கேல், சம்மனசோட பேர். பிள்ளை, ஜாதியோட பேர். ரெண்டையும் ஒண்ணா போட்டுக்கறதுல யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்ல.

இதே வடக்கன்குளத்துலதான் 1745-ல, ஆமாம் அதே புதுச்சேரிச் சுவர் வருஷம், திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டவங்களோட சமமா பழகினதும் அவர் மேல வந்த கோபத்துக்கு ஒரு காரணம்னு சொல்வாங்க. 1752-ல ஆரல்வாய்மொழிப் பக்கம் சுட்டுக் கொன்னாங்க. 2022 மே 15-ல ரோம்ல அவருக்குப் புனிதர் பட்டம் குடுத்தாங்க. இந்தியாவோட முதல் பொதுநிலைப் புனிதர். அந்தப் பட்டம் குடுக்கும்போது அவர் பேர்ல "பிள்ளை" இல்ல. ஜாதிப் பேரை எடுங்கன்னு கோரிக்கை போய், ரோம் எடுத்துடுச்சு. செத்து 270 வருஷம் கழிச்சு அவர் தலையிலேர்ந்து அந்த மூட்டை இறங்குச்சு.

* * *

கோலைப் பிடிச்சிட்டிருக்கிறது சபை மட்டும்தான்னா பதிவை இங்கயே முடிச்சிருப்பேன். அரசாங்கம் கையிலயும் ஒண்ணு இருக்கு.

1950 ஆகஸ்ட் 10-ல குடியரசுத் தலைவர் ஆணை. இந்து மதத்துல இருக்கிறவங்க மட்டும்தான் பட்டியல் ஜாதி. 1956-ல சீக்கியரைச் சேர்த்தாங்க, 1990-ல பௌத்தரை. கிறிஸ்தவங்களும் முஸ்லிம்களும் வெளியிலதான். காரணம் என்ன சொல்றாங்கன்னா, கிறிஸ்தவத்துல ஜாதி இல்லையே! நான் ஹாஸ்டல்ல கேட்ட அதே கேள்வி. எனக்கு அப்ப வயசு பதினெட்டு, அரசாங்கத்துக்கு என்ன சாக்குன்னு தெரியல. தமிழ்நாட்டுல என் நண்பனுக்கு பி.சி. கிடைக்குது, அவங்க பக்கத்து வீட்டு இந்துச் சித்தப்பா பையனுக்கு எஸ்.சி. தெரு ஒண்ணு, கிணறு ஒண்ணு, வாங்கற அடியும் ஒண்ணு. அடி வாங்கினா கூட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல கேஸ் போட இவனுக்கு வழி கிடையாது. எறையூர்ல வீடு உடைஞ்சவங்களுக்கும் அதே நிலைமைதான்.

2007-ல ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை எடுத்துடுங்கன்னு பரிந்துரை பண்ணுச்சு. 2022 அக்டோபர்ல கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில இன்னொரு ஆணையம் போட்டாங்க. 2023 ஏப்ரல்ல தமிழ்நாட்டு சட்டமன்றம் தீர்மானம் போட்டுது. ஃபைல் நகருது, நகருது.

சபைப் பக்கமும் ஒண்ணும் நடக்கலன்னு சொன்னா பொய் ஆயிடும். 2003 நவம்பர்ல போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களை நேர்ல வச்சுக்கிட்டே ஜாதிப் பாகுபாட்டைக் கண்டிச்சார். 2016 டிசம்பர்ல இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்குன்னு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டுது. 1.9 கோடி இந்தியக் கத்தோலிக்கர்ல 1.2 கோடிப் பேர் தலித்துகள், ஆனா தலைமையில அவங்க ரொம்பக் கொஞ்சம்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. 2022-ல ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனப்போ முதல் தலித் கர்தினால்னு உலகமே எழுதுச்சு. அதே 2022-ல புதுச்சேரி-கடலூருக்குப் புதுப் பேராயர் வந்தப்போ, இங்க எப்பதான் ஒரு தலித் பேராயர்னு தலித் கிறிஸ்தவ அமைப்புகள் போராட்டம் நடத்துனாங்க.

இப்ப எங்க மதத்துக்காரங்க யாராவது "பாத்தியா, அவனுங்களும் இப்படித்தான்"னு சந்தோஷப்பட்டா, ஒரு விஷயம். எங்க விழுப்புரத்துக்குப் பக்கத்துல மேல்பாதி திரௌபதி அம்மன் கோவில். தலித் இளைஞர்கள் உள்ள போனதுக்கு 2023-ல அடிச்சு, ஜூன்ல கோவிலுக்கு சீல் வச்சு, கோர்ட்டு சொல்லி, 2025 ஏப்ரல்ல போலீஸ் பாதுகாப்போடதான் அவங்க உள்ள போய் சாமி கும்பிட முடிஞ்சுது. ஊர்த்தெருக்காரன் நான் சிரிக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

* * *

போன பொங்கலுக்கு அவன் எங்க வீட்டுக்கு வந்திருந்தான். இப்ப பெங்களூர்ல இருக்கான், நான் சென்னை. ஊருக்குப் போனா அவன் இன்னும் அந்தச் சின்னக் கோவிலுக்குத்தான் பூசைக்குப் போறான். பாட்டுக் குழுவுல கீபோர்டு வாசிக்கிறான். பெங்களூர்ல ஆயிரம் பேர் உட்கார்ற கோவில்ல யாரும் யாரையும் எந்தத் தெருன்னு கேக்கறதில்லையே, அங்க நிம்மதியா இருக்கலாமேன்னு ஒருதரம் கேட்டேன். "அங்க யாரும் கேக்கறதில்ல, சரி. ஆனா ஆயா அங்க இல்லையே"ன்னான்.

பொங்கல் அன்னிக்கு சாயந்திரம் அவனைக் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். வட்டப்பாறை கதையைச் சொன்னேன். ஊன்றுகோல் வர்ற இடத்துல நல்லா சிரிச்சான். அப்புறம் கொஞ்ச நேரம் பாறையையே பார்த்துட்டு நின்னான்.

"எங்க ஆளுங்க எப்பலேர்ந்துடா கோவிலுக்குள்ள வரலாம்?"

1947-ல கோவில் நுழைவுச் சட்டம்னு சொன்னேன். ஒரு வருஷம் படிச்சதுல தேதி எல்லாம் நாக்கு நுனியில இருந்துது.

"அதுக்கு முன்னாடி எங்க ஆளு ஒருத்தன் மேல திருட்டுப் பழி போட்டிருந்தா, நான் எடுக்கலன்னு அவன் எங்க நின்னு சத்தியம் பண்ணியிருப்பான்?"

நான் பேசாம நின்னேன். அவனும் பதிலுக்காகக் காத்திருக்கல, செருப்பு விட்ட இடத்துக்கு நடந்துட்டான். வெளியில வந்து டீ குடிச்சோம். காசு அவன் குடுத்தான்.